யாருமில்லாதவரின் பேரப்பிள்ளைகள்

பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே, வெயில் எட்டிப் பார்க்காத ஓர் அறை இருந்தது. அதுதான் தையல் அறை. கிழிந்த போர்வைகளோடும் நைந்த விரிப்புகளோடும் அங்கே பாதி ஆயுளைக் கழித்துவிட்ட பெண்ணுக்கு ஊசியக்கா என்று பெயர் வைத்தவர்கள் மருத்துவமனைக்காரர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் வந்து மாட்டிக்கொண்ட தேவாலயத்துச் சபைப் பிள்ளைகள். அவள் வேலை ஊசியோடு என்பது பாதிக் காரணம். அவள் கேட்கும் கேள்வி சுருக்கென்று குத்தும் என்பது மீதிக் காரணம்.

விரிப்பு எப்போதும் நடுவில்தான் நையும். ஆள் படுப்பது நடுவில்தானே. ஓரங்கள் இரண்டும் கடைசிவரை புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். ஊசியக்கா அந்த விரிப்பை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைப்பாள். நைந்த பகுதி வெளிப்பக்கம் போய் மெத்தைக்கு அடியில் மறைந்துகொள்ளும். நடுவில் ஓடும் அந்தத் தையல் படுத்திருப்பவரின் முதுகில் உறுத்தக் கூடாது. அதைத் தட்டையாக மடித்து அடிப்பதில்தான் அவளுடைய கெட்டிக்காரத்தனம் முழுவதும் இருந்தது. மேல்மாடி வார்டுகளில் அவள் முகம் பலருக்குத் தெரியாது. அவள் தையலின்மேல் படுக்காதவர் யாரும் இல்லை.

கல்யாணப் பேச்சுகள் வந்து வந்து நின்றுபோனபின், அவள் அண்ணன் வீட்டோடு தங்கிவிட்டாள். இரண்டு அறைகள். கூடத்தில், அண்ணன் மகனின் சைக்கிளுக்கும் சுவருக்கும் இடையே அவள் பாய் விரிக்கும் இடம். சபையில் ஞாயிறுதோறும் நடக்கும் வாலிபர் வகுப்பு அவளிடம் வந்ததும் இதுபோல ஓர் இடுக்கு வழியாகத்தான். முன்பு நடத்தியவர் மாற்றலாகிப் போனபோது, "ரெண்டு வாரம் மட்டும் பாத்துக்கோங்கம்மா" என்றார் போதகர். அந்த இரண்டு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை.

"போன வாரம் யாருக்காக ஜெபம் பண்ணினீங்க?" என்று ஒரு ஞாயிறு அவள் கேட்டாள்.

"கஷ்டப்படறவங்களுக்காக" என்றான் ஒட்டகம். கழுத்தும் காலும் ஒரே வருடத்தில் நீண்டுவிட்ட பையன். எந்த நாற்காலியிலும் முழங்காலை வைக்க இடம் தேடுவான்.

"எந்தக் கஷ்டப்படறவங்க?"

"பொதுவா, அக்கா."

"விலாசமே எழுதாம தபால் போட்டா எங்கடா போய்ச் சேரும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்காமல் பதில் சொல்ல வாயெடுத்தவள் ரேடியோ. அவளை நிறுத்தும் விசை எங்கே இருக்கிறதென்று பெற்ற தாய்க்கே தெரியாது. "அக்கா, பரீட்சை முடியட்டும். அப்புறம் பாருங்க, நாங்க என்னல்லாம் செய்யறோம்னு!"

"பரீட்சை முடிஞ்சா லீவு. லீவு முடிஞ்சா மறுபடி பரீட்சை. விசுவாசத்தை உள்ளங்கையில வச்சு மூடியே வச்சிருந்தா கை வியர்க்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வாங்க. நகம் வெட்டிட்டு வாங்க."

வாசலுக்கு வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களை அவள் ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலுக்கு அழைத்துப் போனாள். ஜன்னலோரமாக ஒரு முதியவர் படுத்திருந்தார். பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்து கிடந்தவர். பக்கவாதம் வலப்பக்கத்தை முழுவதும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. தேடி ஒருவரும் வரவில்லை. பேச்சில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். பசிக்கிறதா என்றால் "சரி". வலிக்கிறதா என்றால் "சரி". தண்ணீரைத் தட்டிவிட்டுவிட்டு, முகமெல்லாம் கோபமாக, அப்போதும் "சரி".

பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். "ஐயா, வணக்கம்" என்று ஒட்டகம் தூரத்திலிருந்தே கும்பிட்டான்.

"ஐயான்னு கூப்பிட்டா நீ விருந்தாளி. எட்டித்தான் நிப்ப" என்றாள் ஊசியக்கா. "தாத்தான்னு கூப்பிடு. சொந்தம்னு நினைச்சாத்தான் கை கூசாது."

அவர்கள் அப்படியே கூப்பிட்டார்கள். முதலில் நாக்கில்தான் இருந்தது. வாரங்கள் போகப் போக, அது எப்படியோ கைக்கு இறங்கிவிட்டது. ஒட்டகம் சவரம் செய்யப் பழகினான். ரேடியோ ஒரு வாரத்துப் பள்ளிக்கூடச் செய்திகள் அனைத்தையும் ஒலிபரப்பியபடி ஊட்டிவிடுவாள். அவர் சரி, சரி என்று கேட்டுக்கொள்வார். சனிக்கிழமை மதியமானால் அவர் தலை தானாகவே வாசல் பக்கம் திரும்பிக்கொள்கிறது என்று நர்ஸ் சொன்னபோது, தையல் அறைக்குத் திரும்பிய ஊசியக்கா நூல் கோக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னொரு நல்ல செய்தியும் வந்திருந்தது. ஆற்றுக்கு அப்பால், யாருமே இல்லாத முதியவர்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. ஆளுக்கொரு கட்டில், பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி, தினமும் கைகால் பிடித்து நடக்கப் பழக்கும் ஆள். அங்கே இடம் கிடைக்காதவர்கள் போகவேண்டியது ஊருக்கு வெளியே இருந்த பொதுக் காப்பகம். நீண்ட கூடத்தில் கட்டில்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும். அங்கே படுத்தவர் படுத்தவர்தான். இல்லத்தில் ஓர் இடம் காலியாகியிருப்பதாகவும், அடுத்த ஆள் ஜன்னல் தாத்தாதான் என்றும் மருத்துவமனையின் சமூகநல அதிகாரி அவளிடம் சொல்லியிருந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அறுவைக்கூடத்து அங்கிகள் அவசரமாக வேண்டியிருந்ததால், ஊசியக்கா மாடிக்குப் போகவில்லை. மாலையில் ரேடியோ படிகளில் தடதடவென்று இறங்கிவந்தாள், பின்னாலேயே ஒட்டகம்.

"அக்கா, இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க! கண்ணாடி போட்டுட்டு, கையில குடையோட. தாத்தாவுக்கு இவன் சவரம் பண்ணிட்டிருந்தான். மூக்குக்குக் கீழ வரும்போது மூச்சே விடல, வெடிகுண்டு கழட்டறவன் மாதிரி."

"நீ தாத்தாவைச் சிரிக்க வச்சா? வெட்டியிருந்தா யார் பதில் சொல்றது?" என்றான் ஒட்டகம்.

"அந்த அம்மா யாருடி?" ஊசியக்காவின் கால் மிதியை அழுத்திக்கொண்டே இருந்தது.

"தெரியல. நின்னு பாத்துட்டே இருந்தாங்க. நீங்கல்லாம் யாருன்னு கேட்டாங்க. பேரப்பிள்ளைங்கன்னேன். 'சொந்தப் பேரப்பிள்ளைங்களா?'ன்னாங்க. 'எங்க சொந்தத் தாத்தாதான், சந்தேகமா?'ன்னு அடிச்சுச் சொன்னேன். அவர்கிட்டயும் கேட்டாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"வேற என்ன சொல்வார்? சரின்னார். அந்த அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். நல்லா பாத்துக்கோங்கன்னு என் தலையைத் தடவிட்டுப் போனாங்க." ரேடியோ ஒரு பாராட்டுக்காகக் காத்து நின்றாள்.

தையல் எந்திரம் நின்றது.

வந்தவர் இல்லத்துத் தலைவி. இடம் கொடுப்பதற்குமுன் அவர் யாரிடமும் சொல்லாமல் நேரில் வந்து பார்ப்பது வழக்கமாம். பெற்றவர்களைத் தள்ளிவிடுவதற்காக, பிள்ளைகளே அவர்களை அநாதை என்று சொல்லிச் சேர்த்துவிட்ட கதைகள் அங்கே நிறைய. அந்த வழக்கத்தைச் சமூகநல அதிகாரி ஊசியக்காவிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருக்கிறதென்று அவருக்குத் தோன்றவும் இல்லை. திங்கட்கிழமை காலையிலேயே இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஊசியக்கா இல்லத்துக்கு ஓடினாள். தலைவி உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, இவங்க அவருக்கு யாருமே இல்ல. எங்க சபைப் பிள்ளைங்க. நான்தான் தாத்தான்னு கூப்பிடச் சொன்னேன்."

"நான் கண்ணால பாத்தேனேம்மா. அந்தப் பையன் அவர் தாடையைப் பிடிச்சிருந்த விதம் யாரோ ஒருத்தர் பிடிக்கற மாதிரி இல்ல. இந்தப் பொண்ணு என் முகத்துக்கு நேரா சொந்தத் தாத்தான்னு சொன்னா."

"அன்பா சொன்னோம், ஆன்ட்டி" என்றாள் ரேடியோ.

"இங்க வர்ற எல்லாக் குடும்பமும் இதே நாற்காலியில உட்காந்து, நாங்க யாரும் இல்லன்னுதான் சொல்லுது. அழுதுட்டே சொல்லுது. நான் எதை நம்பறது?" அவர் குரலில் கடுமை இல்லை; அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "இப்ப சேந்தவருக்கும் யாரும் இல்லம்மா. அவரை எழுப்பி அனுப்பவா?"

ஊசியக்கா பிள்ளைகளோடு எழுந்துகொண்டாள்.

பிள்ளைகள் முன்னால் போய்விட, வாசலில் தலைவி ஊசியக்காவிடம் மட்டும் ஒன்று சொன்னார். காப்பகத்திலும் ஆறு மாதம் ஜன்னல் தாத்தாவைப் பார்க்க ஒருவரும் வரவில்லை என்று அங்குள்ளவர்கள் சொன்னால், மறுபடியும் வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். "நடுவுல ஒருத்தர் வந்தாலும் சொந்தம் இருக்குன்னுதான் எடுத்துப்பேன். என் வழி அப்படி."

திரும்பும் பேருந்தில், வாய் திறக்காத ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊசியக்கா அன்றுதான் அறிந்தாள்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. அவளிடம் பாடம் படித்தவர்கள் அல்லவா? தாத்தாவை வைத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டுக்கு வீடு கேட்டுப் பார்த்தார்கள். "சாப்பிட்ட தட்டைக் கழுவ உனக்கு உடம்பு வணங்கல, வயசானவரைத் தூக்கிக் கழுவப் போறியா?" என்றாள் ரேடியோவின் அம்மா. ஒட்டகத்தின் அப்பா திட்டவே இல்லை. மகனைக் கூட்டிப்போய், ஏற்கனவே ஆறு பேர் தூங்கும் அறையைக் காட்டினார். போதகர், "ஜெபிப்போம்மா" என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

ஊசியக்காவும் அண்ணியிடம் வாயைத் திறந்தாள்.

"சைக்கிளை வெளிய நிறுத்தினா இடம் இருக்கும், அண்ணி."

"சைக்கிள் திருட்டுப் போகும். சரி, போகட்டும். பகல்ல நீயும் உங்கண்ணனும் வேலைக்குப் போயிடுவீங்க. அந்த ஆம்பளையைப் புரட்டிப் போடறது யாரு? நானா?" அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "உனக்கென்ன, ஞாயித்துக்கிழமை சொல்லிட்டு வந்துடற."

சண்டை போட அதில் ஒன்றும் இல்லை. அண்ணி சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஊசியக்கா எதுவும் திறந்து படிக்கவில்லை. தலைவி சொன்னதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், ஒட்டகம் தன் நீண்ட கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டான்.

"அப்ப நாங்க போகக் கூடாதா?"

"போகக் கூடாது."

"ஆறு மாசமா? அவர் வாசலையே பாத்துட்டிருப்பாரே, அக்கா."

"தெரியும்டா."

"நீங்கதானே சொன்னீங்க, சும்மா உட்காராதீங்கன்னு" என்றாள் ரேடியோ. அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். "இப்ப சும்மா உட்காரறதுதான் செய்யற வேலையா? நாங்க தாத்தான்னு கூப்பிட்டதே தப்பா?"

குத்துகிற கேள்வியை எப்போதும் தானே கேட்டுப் பழகியவள், ஜெபம் பண்ணலாம் என்றாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். இந்த முறை விலாசம் இருந்தது. ஆள், வார்டு, கட்டில் எல்லாம் இருந்தன. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து ஒருவர்பின் ஒருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

காப்பகத்துக்கு வண்டி வரும் நாளில், மருத்துவமனை உடையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் ஊசியக்கா தன் கைக்காசில் துணி வாங்கி ஒரு சட்டை தைத்திருந்தாள்: வலக்கையை வளைக்காமலே போட்டுவிடும்படி பக்கவாட்டில் முழுவதும் திறந்து, இடக்கையாலேயே கட்டிக்கொள்ளும்படி நாடா வைத்தது. ஒட்டகம் கடைசியாக ஒருமுறை சவரம் செய்துவிட்டான். ரேடியோ தலை வாரிவிட்டாள். அன்று ஒலிபரப்பு எதுவும் இல்லை. முதியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேச்சை ஆரம்பித்துவைப்பதுபோல் "சரி?" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டிக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். இனி யாராவது சொல்லியாக வேண்டும். ஊசியக்கா கட்டிலின் அருகே குனிந்தாள்.

"தாத்தா, இனிமே கொஞ்ச காலம் நாங்க யாரும் வரமாட்டோம். ஆறு மாசம். மறந்துட்டோம்னு நினைச்சுடாதீங்க. உங்களுக்கு நல்ல இடம் கிடைக்கணும்னுதான். புரியுதா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று அந்த வார்டில் யாருக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

"சரி" என்றார்.

ஆனால் அவரைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றியபோது, அவருடைய இடக்கை ஒட்டகத்தின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. தள்ளுகட்டில் நகர்ந்தது, பையனும் கூடவே நகர்ந்தான். "விடுங்க, பெரியவரே" என்றார் வண்டிக்காரர். "சரி" என்றார் அவர், பிடி இறுகியது. உடம்பில் மிச்சமிருந்த பலமெல்லாம் அந்த ஐந்து விரல்களில் வந்து நின்றது. ஒட்டகம் கையை உருவ முயலவில்லை. அவன் ஊசியக்காவைப் பார்த்தான்.

அவள் முன்னால் வந்தாள். இத்தனை காலம் எத்தனையோ தையல்களைத் துணி கிழியாமல் பிரித்தெடுத்தவள் அவள். அந்தக் கவனத்தோடு, சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.