பூங்கா வாசலில் ஒரு படி

ஒப்பந்தக்காரர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. கணினித் திரையில் கோடு இழுத்தே பதினோரு வருடம் ஓடிவிட்டது. கால்வாய், கழிப்பறை, ரேஷன் கடை, சுடுகாட்டுச் சுற்றுச்சுவர் என்று காஞ்சிபுரத்தில் நான் வரையாதது கோபுரம் ஒன்றுதான். அப்படிப்பட்டவளிடம் ஒருநாள் எங்கள் முதலாளி வந்து, "நம்ம பக்கம் பார்க் ஒண்ணு வருதும்மா. நடக்க முடிஞ்சவங்க, முடியாதவங்க, கண்ணு தெரியாதவங்க, எல்லாரும் வந்து விளையாடற மாதிரி இருக்கணுமாம். உனக்குத்தான் தெரியும், நீயே போடு" என்றார். நான் எழுந்த வேகத்தில் மேஜைமேல் இருந்த டீ கவிழ்ந்துவிட்டது.

எனக்குத்தான் தெரியும் என்று அவர் சொன்னதற்குக் காரணம் என் மகள். ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து கால்கள் நிற்கவில்லை, சக்கர நாற்காலிதான். வாய் மட்டும் இரண்டு பேருக்குச் சேர்த்து உண்டு, அம்மாவைப் போலவே. ஒன்பதாவது பிறந்தநாள் அன்று கேக்கை வெட்டிய கையோடு எங்களுக்கெல்லாம் ஓர் உத்தரவு போட்டிருந்தாள். "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. பஸ்ஸுன்னா தூக்கு, கோயில்னா தூக்கு, கல்யாண மண்டபம்னா தூக்கு. நான் இன்னா அரிசி மூட்டையா?"

பூங்கா செய்தியைச் சொன்னதும் அந்த உத்தரவோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "அதுக்குள்ள நானேதான் போவேன். யாராவது தூக்கினா அப்படியே திரும்பி வந்துடுவேன். கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." நான் அப்போது ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை. அவள் அதற்குள் ஊரைக் கூட்டிவிட்டாள்.

அடுத்த சில மாதங்கள் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை, கவலையால் அல்ல, குஷியால். எங்கள் தெருவில் காலையில் நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை விரித்திருப்பார்கள். அதைச் சுருட்டியதும் மகளைத் தெருவில் இறக்கி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றச் சொல்வேன். சக்கரம் போன வழியெல்லாம் சாக்பீஸால் கோடு. ஐந்து அடி அகலம் இருந்தால் எங்கும் இடிக்காமல் திரும்புகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. மணல்குழியை எடுத்துவிட்டு மணல்மேஜை வரைந்தேன். நாற்காலியோடு அடியில் நுழைந்து, முழங்கால் இடிக்காமல் கையால் மணலை அளையலாம். ராட்டினம் தரையோடு தரையாக, ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம். ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சரிவுப் பாதை. இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள பெஞ்சு, முட்டி வலிக்காரர்கள் ஊன்றி எழுந்திருக்க. ஊதுபத்தி விற்கும் பார்வையற்ற ஒருவரைப் பிடித்து, பாதை திரும்பும் இடத்தில் மணி கட்டட்டுமா என்று கேட்டேன். "மணி எதுக்கும்மா, இங்க எங்க பார்த்தாலும் மணிதான். மருக்கொழுந்து வை. மூக்கு இழுத்துக்கினு போவும்" என்றார். அடித்துத் திருத்தி மருக்கொழுந்து என்று எழுதினேன்.

கட்டியவர் பக்கத்துத் திருப்புட்குழியிலிருந்து வந்த மேஸ்திரி. ஐம்பது வயதிருக்கும், கை சுத்தம், வேலை சுத்தம், ஆனால் வரைபடத்தைக் கண்டால் ஆகாது. "பேப்பரெல்லாம் எனக்கு வாணாம்மா, தரையில காட்டு" என்பார். சரி என்று பூங்கா முழுவதையும் சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே வரைந்தோம். பிறகு அவர் என் மகளிடம், "பாப்பா, ஒரு ரவுண்டு வுடு" என்பார். அவள் விடுவாள். சக்கரம் எங்கெல்லாம் சுண்ணாம்புக் கோட்டை மிதித்ததோ அங்கெல்லாம் கோட்டைத் தள்ளிப் போடுவார். நான் கணினியில் போட்ட அழகான வளைவுகளில் பாதி அப்படியே காற்றில் போயின. எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு பார்த்தால் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வரைந்ததுதான் சரி.

ஒரே ஒரு இடத்தை மட்டும் நாங்கள் மூவரும் ஓட்டிப் பார்க்கவில்லை. வாசல். அங்கே ஏற்கனவே பழைய இரும்புக் கேட் இருந்தது, தரையும் சமமாக இருந்தது. வரைபடத்தில் 'பழைய கேட், உள்ளபடியே' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது என் தப்பு. மேஸ்திரியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. எட்டு மணிக்கே மகள் புதுப் பாவாடையில் தயார். போகும் வழியெல்லாம் நாற்காலியை அவளே உருட்டினாள், நான் பின்னால் ஓடினேன். கேட்டை நெருங்கியதும் அவள் நின்றாள்.

வாசலில் ஒரு கருங்கல் படி. ஒரு சாண் உயரம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. பக்கத்தில் மேஸ்திரி குளித்து வெள்ளை வேட்டியில் நின்று சிரித்தார்.

"வாசல்னா படி இருக்க வாணாமா? மொட்டையா கெடந்துதும்மா. படி இல்லாத வாசல்ல லட்சுமி எப்படி நிப்பா? என் வூட்டு நிலைக்கு வாங்கி வச்சிருந்த கல்லு. நேத்து சாயங்காலம்தான் பதிச்சேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் ஓடியது. "பாப்பா எப்படி உள்ள போவா? இத்தினி மாசம் அவளை வச்சுத்தானே கோடு போட்டீங்க? யோசிக்க வாணாமா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவருடைய முகம் அப்படியே விழுந்துவிட்டது. படியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். அவருக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. ஆசையாகச் செய்த வேலையில் அவர் கண்டது லட்சுமியை மட்டும்தான்.

"நாலு பேர் இருக்கோம். அப்படியே அலாக்கா தூக்கி உள்ள வச்சிட்றோம்மா" என்றார், மெதுவாக.

என் மகள் சக்கரத்தில் கை வைத்தாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். சொன்னபடியே வீட்டுக்குத் திரும்பப் போகிறாள்.

"உடைங்க" என்றேன்.

"பூஜை போட்ட கல்லும்மா. அதுல கடப்பாரை வச்சா குத்தமாயிடும்."

கடவுளை வைத்து வழி மறித்தால், கடவுளை வைத்துத்தான் திறக்க வேண்டும். வருடா வருடம் தேருக்கு முந்தின நாள், தேர் வரும் வீதியில் வேகத்தடைகளைப் பெயர்த்து எடுக்கும் கூட்டத்தில் இவரும் ஒருவர். அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. "சாமி தேர்ல வரும்போது வழியில மேடு இருந்தா இன்னா பண்றீங்க? நாலு பேர் சேர்ந்து தேரைத் தூக்கி அந்தாண்ட வைக்கிறீங்களா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "சக்கரம்னா சக்கரம்தான். கரெக்ட்டும்மா."

படிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, "தாயே, வழி வுடு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். சிமெண்டு முழுசாக இறுகியிருக்கவில்லை. கல் உடையாமல் முழுசாகவே பெயர்ந்து வந்தது. அதைத் தூக்கிக் கேட் தூணில் சாய்த்துவைத்தார். பள்ளத்தில் ஜல்லியும் மண்ணும் கொட்டி இடித்து, மேலே ஒரு இரும்புத் தகட்டைப் போட்டு, அதன்மேல் தானே ஏறி நின்று குதித்துப் பார்த்தார். வெள்ளை வேட்டி போன இடம் தெரியவில்லை. மணி ஒன்பதே முக்கால்.

"பாப்பா, ஒரு ரவுண்டு வுடு" என்றார்.

அவள் திரும்பினாள். முக்கியப் பிரமுகர் வெட்டுவதற்காக ரிப்பன் கட்டியிருந்தார்கள், பெரியவர்களின் இடுப்பு உயரத்தில். அவள் தலையைக் கொஞ்சம் குனிந்தாள், அவ்வளவுதான். ரிப்பனுக்கு அடியில் புகுந்து, தகட்டின்மேல் தடதடவென்று ஏறி, உள்ளே போயே போய்விட்டாள். யாரும் தொடவில்லை. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் ரிப்பனுக்கு அடியில் ஓடினார்கள். நான் கைதட்டினேன், குதித்தேன், மேஸ்திரியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். திறப்பு விழா எங்களைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது. பிரமுகர் பிறகு வந்து வெட்டிவிட்டுப் போனார்.

சரிவுப் பாதையில் பிள்ளைகள் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு சத்தம், பிறகு என் மகளின் குரல். ஓடினேன். நாற்காலி ஒருபக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. பிள்ளைகள் அதை நிமிர்த்திப் பிடிக்க, அவளே பாதையோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எம்பி ஏறிக்கொண்டிருந்தாள். முழங்கையில் தோல் வழன்று ரத்தம்.

"ம்மா! வுழுந்துட்டேன்! இங்க பாரு, ரத்தம்!" தங்கப் பதக்கம் வாங்கியவள் போலக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

முந்தானையால் துடைத்தேன். என் கண்ணில் நீர் கொட்டியது, எனக்கு வெட்கமாகவே இல்லை. அவள் உடம்பில் ஐந்து தழும்புகள் உண்டு. ஐந்தும் ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தவை. விளையாடி வாங்கியது இதுதான் முதல்.

"வுடும்மா" என்று கையை உருவிக்கொண்டாள். "அங்க என் சான்ஸ் போவுது."