துரையின் புத்தகத்தில் எங்கள் வீடு

அப்பா என்னை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அறைந்தார். அதுவும் சரஸ்வதி பூஜையன்று, சாமிக்கு முன்னால். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா மலாக்காவில் அரசாங்கக் கிராணி, குமாஸ்தா வேலை. மற்ற கிராணிமார் சைக்கிளுக்கும் கைக்கடிகாரத்துக்கும் ஆசைப்பட்ட காலத்தில் இவருக்குப் படப் புத்தகப் பைத்தியம். மலையும் கடலும் பழைய கட்டடங்களுமாகப் பெரிய பெரிய புகைப்படங்கள். மொத்தமே நூறோ இருநூறோ அச்சடித்து, ஒவ்வொரு பிரதியிலும் கையால் எண் எழுதியிருக்கும். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு ஏழு சேர்த்திருந்தார். நாங்கள் தொடக்கூடாது. அவர் பக்கம் புரட்ட, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம். என்ன கொடுப்பினை!

எட்டாவது புத்தகம் அவருடைய துரையே எடுத்த படங்கள். மலாக்காவின் பழைய வீடுகள். காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வீடும் அதில் உண்டு. படம் எடுத்த அன்று அப்பா செய்த அட்டகாசம் கொஞ்சமா? கொடியில் கிடந்த துணிகளை உருவினார். கோலத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மாவிலைத் தோரணத்தை அறுத்தார். அம்மாவையும் என்னையும் பின்பக்கக் கிணற்றடியில் நிறுத்தி, "மூச்சு விடக்கூடாது" என்றார். அன்றைக்குச் சோறு அரைவேக்காடு.

சுதந்திரம் வந்து, துரை மூட்டை கட்டும்போது நாற்பத்தொன்றாம் பிரதி அப்பா கைக்கு வந்தது. கப்பலேறுமுன் கையெழுத்துப் போட்டுத் தருவதாகத் துரை சொல்லியிருந்தார். கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் காகிதம் என்று அப்பா வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குள் பூஜை வந்தது. "இருக்கிற புஸ்தகத்தையெல்லாம் எடுத்து வைடி, நிலைக்கெல்லாம் பொட்டு வை" என்றாள் அம்மா. எனக்கு எட்டு வயது, சொன்னதைச் செய்தேன். வீட்டிலேயே உசத்தியான புத்தகம் அதுதானே? பிரித்தால் எங்கள் வாசல், நிலை மொட்டையாக நின்றது. நல்ல நாளில் இப்படியா? சந்தனம் குழைத்து, படத்திலிருந்த நிலைக்கே பொட்டிட்டுக் குங்குமம் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. அறை விழுந்தது.

சனிக்கிழமை என்னைத் தரதரவென்று கிளேபாங்கில் துரையின் பங்களாவுக்கு இழுத்துப் போனார். மன்னிப்புக் கேட்பதற்காம். "மன்னிச்சிடுங்க துவான்னு மட்டும் சொல்லு. வேற வாயத் தொறந்த, தொலைச்சிடுவேன்."

துரை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் புரட்டினார். பொட்டைப் பார்த்ததும் சிரித்தார். கோபமே இல்லை. "இந்த வீட்டுக்கு மட்டும் ஏன்?" என்று மலாயில் கேட்டார்.

"தெரியல துவான். யாரும் இல்லாத வீடு" என்றார் அப்பா.

யாரும் இல்லாத வீடா? அம்மா பெருக்கி மெழுகிய வீடு! நான் படுத்துறங்கும் வீடு! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ருமா சாயா, துவான்! எங்க வீடு! நாங்க இருக்கோம்!" என்று கத்தினேன்.

துரை என்னைப் பார்த்தார், அப்பாவை வெகுநேரம் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, புத்தகத்தை அப்பாவிடம் நீட்டினார்.

திரும்பும் வழியில் அப்பா என்னைத் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. பெண்டாட்டி பிள்ளையை வெளியே சொல்ல வெட்கப்படுகிற மனுஷன் என்று முடிவு கட்டி, ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன்.

ஆள் குடியிருக்கும் வீடுகளை அந்தத் துரை எடுப்பதேயில்லையாம். காலியாய்க் கிடப்பவைதான் வேண்டுமாம். எங்கள் வீடு எப்படியாவது ஒரு புத்தகத்தில் ஏறிவிட வேண்டும் என்று அப்பா புளுகியிருக்கிறார். இதை அம்மா சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அவ்வளவு ஆசை அவருக்கு அந்த வீட்டின் மேல் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பேன்.