நிலைவாசல் ஆணி

இலுப்பூர் தியேட்டரில் பேய்ப்படம் போட்டால் மதியக் காட்சிக்கு ஒரு பெரியவர் தனியாக வந்துவிடுவார். நரைத்த மீசை, மடியில் ஒரு துண்டு. மந்திரவாதி பேயை விரட்டத் தொடங்கியதும் எழுந்து போய்விடுவார். ஒருநாள் நானும் பின்னாலேயே டீக்கடைக்குப் போனேன்.

"முடிவு பாக்கலயாங்க?"

"செத்துப்போன மக திரும்பி வந்துரக் கூடாதுன்னு எங்க வீட்டு நெலைவாசல்ல ஆணி அடிச்சாங்க. நான்தான் புடுங்கிப் போட்டேன். எம்பொண்டாட்டி பயந்துக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா."

"பிள்ளை வந்துச்சா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

டீயைக் குடித்து முடித்தார். "கதவத் தெறந்துதாங்க போட்டுருக்கேன்."

தியேட்டருக்குள் கைதட்டல் கேட்டது. பேய் போய்விட்டதுபோல. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திறந்து கிடந்த அந்த வீட்டுக்குக் கிளம்பினார்.