தானாக ஏறிய பத்தி எண்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் 'கமா' என்று பெயர். இயந்திரங்களுக்கான கையேடுகளைத் திருத்துவது எங்கள் தொழில். ஒரே ஒரு கமாவுக்காக இன்ஜினீயரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்பார். கடைசியில் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதனாலேயே யாருக்கும் அவரைப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். நான் அவருடைய மேற்பார்வையாளர், அவரைவிடப் பதினாறு வயது சின்னவள்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டார். நிர்வாகம் சும்மா கொடுக்குமா? வேவு பார்க்க ஒரு மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்தது. திரையில் திறந்திருக்கும் ஜன்னலின் உச்சியில், இது இன்ன கோப்பு என்று சொல்லும் தலைப்பு ஒன்று இருக்கிறதே, அதை நிமிடத்துக்கு ஒருதரம் அது குறித்துக்கொள்ளும். பத்து நிமிடம் தலைப்பு மாறாவிட்டால் என் திரையில் சிவப்புப் புள்ளி விழும். உடனே நான் போன் செய்து ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மாதத்தில் மூன்று புள்ளிக்கு மேல் போனால் அனுமதி ரத்து. மனைவியைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. ஆகவே அனுமதி போனால் வேலையும் போகும்.

கமா பயன்படுத்தியது ஒரு பழைய எடிட்டர் மென்பொருள். நாலு வரி நிரல் எழுதிக் கொடுத்தால் சொன்னபடி ஆடும். கோப்பின் பெயரும் பத்தி எண்ணும் தலைப்பில் வரும்படி செய்துகொண்டார். பத்தி மாறினால் தலைப்பும் மாறும், புள்ளி விழாது. கூடவே ஓரத்தில் 'இடது 9.00', 'வலது 11.00' என்று வேறு ஏதோ வந்தது. போன் போட்டுக் கேட்டேன்.

"அது என்ன சார், இடது வலது?"

"அவ எந்தப் பக்கமாப் படுத்திருக்கா, எத்தனை மணிக்குப் புரட்டினேன்னு மேடம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடணும், இல்லேன்னா உடம்பு புண்ணாயிடும். வேலையில மூழ்கிட்டா எனக்கு நேரம் தெரியாது. தலைப்புல இருந்தா கண்ணுல பட்டுட்டே இருக்கும். புரட்டினதும் நானே மாத்திடுவேன்."

புரட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது, ஊட்டுவது. பத்து நிமிடத்தில் இதில் எது முடியும்? இரண்டே வாரத்தில் மூன்று புள்ளி விழுந்துவிட்டது. மூன்றாவது தடவை நான் கூப்பிட்டபோது மூச்சு வாங்கப் பேசினார்; பின்னால் வாளி உருளும் சத்தம். எனக்கு மனசு கேட்கவில்லை.

"சார், அந்தப் பத்தி நம்பர் தானா ஏறுற மாதிரி உங்களால செய்ய முடியாதா?"

"அது ஏமாத்து வேலை இல்லையா மேடம்?"

"நீங்க வேலைய ஒழுங்கா முடிச்சுத் தர்றீங்க. அது போதும் சார்."

அன்று மாலைக்குள் செய்துவிட்டார். அவர் நாற்காலியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை எண் ஏறியது. எட்டு மாதம் ஒரு புள்ளி இல்லை. நான் போன் செய்ய வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. பெரிய உபகாரம் செய்துவிட்டதாக உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். இப்போது அதைச் சொல்லவே கூசுகிறது.

ஒரு புதன்கிழமை மாலை வர வேண்டிய கையேடு வரவில்லை. தாமதம் என்பதே தெரியாத மனிதர். ஒரு நாள் பொறுப்போம் என்று விட்டேன். வியாழன் காலை போன் செய்தேன், எடுக்கவில்லை. அப்போதுதான் வேவு மென்பொருளின் பதிவைத் திறந்து பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பத்தி உள்ள கையேட்டில் ஐந்நூறாவது பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். ஓரத்தில் 'வலது 11.00'. பதிவின்படி அது செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி.

நான் சொல்லித்தான் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தார். கமா மேசைமேல் தலை வைத்திருந்தார். மாரடைப்பு. புரட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும் போயிருக்கிறது. பத்தாவது நிமிடம் நான் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

அடுத்த அறையில் அவர் மனைவி, அந்த அக்கா, இரண்டு நாள் தண்ணீர்கூட இல்லாமல் அதே வலது பக்கமாகக் கிடந்திருக்கிறார். மருத்துவமனைக்குப் போனேன். இடுப்பில் பெரிய கட்டு. வார்த்தைகள் குழறித்தான் வந்தன.

"சாயங்காலம் வரைக்கும் நான் வாயே திறக்கலம்மா. நடுவுல கூப்பிட்டா புள்ளி விழும், வேலை போயிடும்னு சொல்லியிருந்தாரு."

தலைப்பு தானாக ஓடுவதை அவர் மனைவியிடம் சொல்லவே இல்லை. ஏமாற்று வேலை என்று வெட்கப்பட்டிருப்பார். நானாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

அக்கா என் கையைப் பிடித்தார். "அப்புறம் தாங்க முடியாம கத்திட்டேன். அதனால புள்ளி ஏதும் விழுந்துச்சா?"

"இல்லக்கா," என்றேன். "ஒண்ணுகூட விழல."