மறுபடியும் ஒன்றிலிருந்து

"மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணு மச்சான்" என்றார் மாமா. நானும் எண்ணினேன். 2006-ல் ஒரு சனிக்கிழமை காலை, சிதம்பரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

மாமா என் அக்காவின் கணவர். கிள்ளைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமிழக்கும் நோய் அவருக்கு 2004-ல் வந்தது. முதலில் மாடிப்படி ஏற முடியாமல் போனது, அப்புறம் பஸ் படிக்கட்டு. முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை, இருக்கிற பலத்தைக் காப்பாற்றிக்கொள்ள வீட்டிலேயே அளவாக உடற்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த 'அளவாக' யார் காதிலும் ஏறவில்லை. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளை ஓடவிட்ட மனுஷருக்கு உடற்பயிற்சி என்ற மருந்து பாயசம் மாதிரி இனித்தது. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து யார் துணையும் இல்லாமல் எழுந்திருக்க வேண்டும். "கக்கூஸ் போறதுக்கு ஒருத்தர் தூக்கிவுடணும்னா நான் இருந்து என்னா பிரயோஜனம்?" என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

கடலூரிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போவேன். எண்ணுவது என் வேலை. மாமா நாற்காலியிலிருந்து எழுவார், உட்காருவார், எழுவார், பத்து தடவை. அவருடைய மைதானத்தில் ஒரு சட்டம் உண்டு. பாதியில் நிறுத்துகிற பையன் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அதே சட்டத்தைத் தனக்கும் போட்டுக்கொண்டார். அன்று எட்டாவது தடவையில் தொடை வெடவெடவென்று நடுங்கி உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் ஒன்று. ஆறில் உட்கார்ந்தார். மறுபடியும் ஒன்று. அக்கா கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடிவந்து, "போதும், வுடுங்களேன்" என்றாள். "நீ சும்மா இருக்கா, மாமா எப்பேர்ப்பட்ட ஆளு!" என்று நான் வீரம் பேசினேன். மூன்றாவது சுற்றில் எப்படியோ பத்தையும் முடித்தார். நான் கைதட்டினேன்.

சாயங்காலம் அவரால் கட்டிலில் புரண்டு படுக்க முடியவில்லை. மறுநாள் காலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அதை மறைக்கப் பார்த்தார். அக்கா கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். சக்திக்கு மீறி வேலை வாங்கியதில் தசை உடைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கிட்னிக்கே ஆபத்து என்றார்கள். வீடு திரும்பியபோது அவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். எதற்குப் பயந்தாரோ அதை நாங்களே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பல நாள் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிசியோதெரபி பார்த்த ஆஸ்பத்திரி அம்மா அவரை ஒரு பிடி பிடித்தார். "ஒங்க ஸ்கூல் பசங்களுக்குத் தசை அடிபட்டா திரும்ப வளந்துடும் சார். ஒங்களுக்கு அப்டி இல்ல. இன்னும் ரெண்டு தடவ முடியும்னு தோணும்போதே நிறுத்திடணும். மறுநாளும் வலி இருந்துச்சின்னா அன்னிக்கி பயிற்சி கெடையாது." நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தச் சொன்னார். கட்டை வைத்த நாற்காலி மாமாவுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. ஒரு வாரம் எல்லோரையும் முறைத்துக்கொண்டே அதில் உட்கார்ந்திருந்தார்.

எண்ணுகிற உத்தியோகம் என்னிடமிருந்து அக்காவுக்குப் போனது. போகவேண்டியதுதான். காலையில் எழுந்ததும் "வலி எப்டி இருக்குது?" என்று கேட்பாள். அவர் சொல்லும் பதிலை நம்பமாட்டாள். அவர் பல் தேய்க்கப் போகிற நடையைப் பார்த்துவிட்டு நாலு என்பாள், இல்லாவிட்டால் மூன்று. சில நாள் ஒன்றுமே கிடையாது. மாஸ்டர் அதற்குக் கட்டுப்படுவார். ஏழெட்டு மாதம் கழித்து அந்த உயர்ந்த நாற்காலியிலிருந்து அவர் தானாக எழுந்து நின்ற அன்று நான் கைதட்டவில்லை. கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

2012-ல் ஒரு சாயங்காலம் போயிருந்தேன். நோய் நின்றுவிடவில்லை, ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் மாமா தானாகத்தான் எழுந்துகொண்டிருந்தார். அன்று அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். மாமா என் பக்கம் கையை நீட்டினார்.

"கை குடு மச்சான். தூக்கிவுடு."

"ஏன் மாமா, முடியலையா?"

"முடியும்டா. எழுந்திருக்கறதுக்கே பலத்த செலவு பண்ணிட்டா, அப்பறம் ஒங்கக்காகூட கீழ வீதி வரைக்கும் எப்டி நடக்கறது?"

தூக்கிவிட்டேன். அக்காவின் தோளைப் பிடித்தபடி மெல்ல வாசலில் இறங்கினார். துணைக்குப் போகலாம் என்று நான் செருப்பை மாட்டினேன்.

"நீ எங்க வர்ற?" என்றார் மாமா. "நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வர்றோம்."