காற்றா தண்ணீரா என்று கேட்கப் போன இடத்தில்

போன வருடம் தீபாவளி கழிந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில், பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் மாடியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். நடுநடுவே "இது வேணாமே பாட்டி" என்கிறாள். எல்லாவற்றையும் எழுது என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் கிள்ளானில் இருக்கிறோம். மகனுக்கு ஷா ஆலமில் ஃபேக்டரி வேலை. பேத்தி காலேஜில் படிக்கிறாள். கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் காலேஜ் டீமில் அவளும் இருக்கிறாள். ஐந்து பேரில் இவள் ஒருத்திதான் பெண் என்று பாசாரில் மீன்காரர் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். அது என்ன விளையாட்டு என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியாது. ஜெயித்தால் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றுவாள். எனக்கு அது போதும்.

அவளுடைய கம்ப்யூட்டர் கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு ஓடும். அது சில மாதமாக விளையாட்டின் நடுவில் தானாக அணைய ஆரம்பித்தது. சூடு தாங்கவில்லை என்றாள். சூட்டைத் தணிக்க உள்ளே ஒரு இரும்புக் கட்டியும் ஃபேனும் இருக்கிறதாம், அது காற்றுக் கூலர். குழாயில் தண்ணீர் ஓடுகிற கூலர் இன்னொரு வகை. அதற்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரே பிடிவாதம்.

மகனுக்குக் கோபம். "விளையாடி விளையாடியே எரிச்சிட்டா. சரியாகலன்னா வித்துடுறேன். டீமும் வேணாம்" என்றான். டீமின் பெரிய போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு அந்தக் கடையில் ஒரு வேலையும் இல்லை. மகனும் பேத்தியும் பிரிக்பீல்ட்ஸ் போகிறார்களே, பூவும் சாம்பிராணியும் வாங்கலாம் என்று காரில் ஏறிக்கொண்டேன். பார்க்கிங் தேடியே அரைமணி நேரம் போனது.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தார். "வாங்க பாட்டி, இதுல உட்காருங்க, மத்ததெல்லாம் ஆடும்" என்று தன் நாற்காலியையே கொடுத்தார்.

பேத்தி தாமதிக்காமல் கேட்டாள். "அண்ணே, இந்த ஏர் கூலரை எடுத்துட்டு லிக்விட் போடணும்."

"ஏன்மா? உன் மெஷினுக்கு இதுவே தாராளம்லா. லிக்விட் போட்டாலும் என்ன, தண்ணி சூட்டை வெளிய கொண்டு வரும், அங்கயும் ஃபேன்தான் ஊதணும். கார் ரேடியேட்டர் மாதிரி."

"அங்கயும் ஃபேன் காத்தை இழுக்குமா?"

"இழுக்காம?"

அவள் முகம் வாடிவிட்டது. ஃபேன் இருந்தால் இவளுக்கு என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவர் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஃபேன் இறக்கையெல்லாம் காப்பிக் கறை மாதிரி பழுப்பு. இரும்புத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளியாக அடைத்திருந்தது. பஞ்சுக் குச்சியால் சுரண்டினார், பிசுபிசு என்று வந்தது.

"இது வெறும் தூசி இல்ல. புகை படிஞ்சிருக்கு. அதுல தூசி ஒட்டிக்கிச்சு."

மகன் நிமிர்ந்தான். சிகரெட்டால் தன் அப்பாவை இழந்தவன் அவன். பேத்தி பக்கம் திரும்பினான். "ரூம் கதவைச் சாத்திட்டு இதுதான் பண்றியா நீ?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

கடைக்காரர் அந்தப் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். எனக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைத்த பிறகு வீடெல்லாம் நான் சாம்பிராணி காட்டுவேன். பேத்தி அறையில் கொஞ்சம் கூடுதலாக. முகம் தெரியாத எத்தனையோ பேருடன் விளையாடுகிறாள், கண் படக்கூடாது இல்லையா? முதல் தடவை காட்டியபோது புகை தானாக அந்தப் பெட்டிக்குள் போனது. மெஷின்கூட சாம்பிராணியை வாங்கிக்கொள்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதிலிருந்து தூபக்காலை அதன் வாயருகே பிடித்துக்கொண்டு, புகை அடங்கும்வரை உட்கார்ந்திருப்பேன். இரண்டு வருடமாக.

அதைச் சொல்ல அந்தக் கடையில் எனக்கு வாய் வரவில்லை. வெட்கம்தான், வேறென்ன. மகன் பேசிக்கொண்டே போனான். "இதை இங்கயே வித்துட்டுப் போறோம். டீமுக்கும் இப்பவே ஃபோன் போட்டுச் சொல்லிடு." பிள்ளை ஃபோனைக் கையில் எடுத்தாள்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றார் கடைக்காரர். ஃபேனைத் துடைக்க ஆரம்பித்தார், மெதுவாக, ஒவ்வொரு இறக்கையாக. அவர் எனக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது.

"அது என் சாம்பிராணிடா" என்றேன்.

மகனுக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். தூபக்காலை எங்கே பிடிப்பேன், எவ்வளவு நேரம் பிடிப்பேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஆடுகிற ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்துவிட்டான். அதுவரை அழாத பிள்ளை அப்போதுதான் அழுதாள்.

"பரவால்ல பாட்டி" என்றார் கடைக்காரர். "கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரெல்லாம் இதைவிட மோசமா வரும்லா." ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுத்தம் செய்து, ஃபேனை மட்டும் மாற்றினார். காற்றுக் கூலரே இருக்கட்டும், துடைப்பதும் சுலபம், புகை மட்டும் கிட்டே போகக்கூடாது என்றார்.

திரும்பும்போது காரில் அவளைக் கேட்டேன், உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று.

"தெரியும் பாட்டி. நீங்க புகை காட்டுறப்ப உங்க மூஞ்சி எவ்ளோ சந்தோஷமா இருக்கும். தண்ணி கூலர்னா குழாய் மூடியே இருக்கும்ல, புகையை இழுக்காதுன்னு நெனச்சேன். அதைப் போட்டா நீங்க நிறுத்த வேணாம்."

மகன் காதிலும் விழுந்தது. அடுத்த சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, திரும்பிப் பார்க்காமலேயே, "அப்பா தப்பாப் பேசிட்டேன்மா" என்றான்.

இப்போது அவள் அறை வாசலோடு நின்றுவிடுகிறேன். போட்டியில் அவர்கள் தோற்றார்கள், ஆனால் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை.

அந்தக் கடையில் நாங்கள் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவள் பேசாமல் இருந்தது எனக்காக, நான் பேசாமல் இருந்ததும் எனக்காகவே. அது நினைவில் இருப்பதால், வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால்கூட, யாரும் கேட்பதற்கு முன்னால் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்.