பிரியாணிக்கு எழுந்துபோன டாக்டர்

டாக்டர் சந்தானத்தின் வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. மனைவி அலர்மேல்மங்கை அந்த விஷயத்தில் கறார். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டல்களில் நடக்கும் சி.எம்.ஈ. கூட்டங்களை அவர் விடுவதில்லை. தொழிலில் இருக்கும் டாக்டர்கள் புதிதாக வந்திருப்பதைக் கற்றுக்கொள்வதற்காக நடக்கும் வகுப்பு அது. ஆனால் சந்தானமும் அவருடைய செட்டும் கற்றுக்கொண்டிருந்தது வேறு. வாசலில் கையெழுத்துப் போட்டு, மருந்துக் கம்பெனி தரும் இலவசப் பையை வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார்கள். பின்னால் பிரியாணி அண்டாவின் மூடி திறந்த வாசம் வந்ததும், மேடையில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் சத்தமில்லாமல் எழுந்துவிடுவார்கள்.

வில்லாபுரத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை அவர். வீட்டில் சௌராஷ்டிர மொழியும் தறிச் சத்தமுமாக வளர்ந்து டாக்டரானவர். மேற்படிப்புக்குப் பல தடவை பரீட்சை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள் இதய நிபுணர்களாகிவிட, இவர் பரவையில் கிளினிக் போட்டு சளிக்கும் காய்ச்சலுக்கும் ஊசி குத்திக்கொண்டிருந்தார். அந்தக் குறை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. புதிதாக ஏதாவது காதில் விழுந்தால் மறுநாளே நோயாளிகளிடம் அவிழ்த்துவிடும் வியாதி அவருக்கு அதிலிருந்து வந்ததுதான்.

2004 ஆடியில் நடந்த கூட்டத்தில் பேசியவர் சென்னையிலிருந்து வந்த நிபுணர். மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசையை மறுபடி வளரவைக்க முடியுமா என்பது பேச்சு. எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து எலியின் இதயத்தில் செலுத்தினார்களாம். திரையில் பச்சைப் பச்சையாக ஏதோ ஒளிர்ந்தது. சந்தானம் வாயைப் பிளந்து பார்த்தார். "ஆனால் மனிதர்களில்..." என்று நிபுணர் தொடங்கிய நேரத்தில் அண்டாவைத் திறந்துவிட்டார்கள்.

மறுநாள் கிளினிக்குக்குக் கருத்தக்கண்ணன் வந்திருந்தார். பரவை மார்க்கெட்டில் சின்ன வெங்காயக் கடை வைத்திருப்பவர். சித்திரையில் மாரடைப்பு வந்து பிழைத்தவர். லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளை அதுவரை அவரே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது மனைவி அன்னக்கொடி தூக்கினாள்.

"கவலையே வேணாம் கருத்தக்கண்ணே. செத்த சதை திரும்ப வளருது. புதுசாக் கண்டுபிடிச்சிருக்கான். பொங்கல் வரட்டும், நீங்களே மூட்டை தூக்குவீங்க" என்றார் சந்தானம், காத்திருந்த கூட்டம் முழுவதும் கேட்கும்படி.

அன்னக்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். சந்தானத்துக்கு அன்றைக்கு எம்.டி. பட்டமே கிடைத்துவிட்டது.

பொங்கல் கழிந்து மாத்திரைக்கு வந்த கருத்தக்கண்ணன், "தூக்க ஆரம்பிச்சிட்டேன் டாக்டரு. நீங்க சொன்னாப்லயே ஆயிருச்சு" என்றார். சந்தானம் பூரித்துப்போய் அதையும் நாலு பேரிடம் சொன்னார்.

மாசியில் அதே நிபுணர் மறுபடி வந்தார். இந்தத் தடவை மைக்கைப் பிடித்ததும் அவர் சொன்னது: "போன முறை கடைசிப் பகுதியைச் சொன்னபோது பாதி நாற்காலி காலி. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலியில் பார்த்ததே சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. மனிதனுக்கு இதயத் தசை திரும்ப வளர்ந்ததாக நிரூபணம் இல்லை. தயவுசெய்து நோயாளிகளிடம் ஆசை காட்டாதீர்கள்."

சந்தானத்துக்கு உடம்பு கூசியது. அடுத்த கணமே, மூட்டை தூக்குகிற கருத்தக்கண்ணன் ஞாபகம் வந்தது. அண்டாவைத் திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பரவைக்கு ஓடினார்.

கடையில் கருத்தக்கண்ணன் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தவள் அன்னக்கொடி. சந்தானத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க தூக்குறதாச் சொன்னீங்களே?"

கருத்தக்கண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார். "கார்த்திகையில பெரியாஸ்பத்திரிக்குப் போயி எக்கோ எடுத்தேன் டாக்டரு. செத்த எடம் செத்ததுதான், பாரம் தூக்காதேன்னுட்டாக. ஒங்ககிட்ட அதச் சொல்ல மனசு வரல. அத்தன பேரு முன்னாடி அம்புட்டு சந்தோசமாச் சொன்னீக. ஒங்க பேரு கெட்டுறக் கூடாதுல்ல, அதேன் அப்பிடிச் சொன்னேன்."

சந்தானம் கையிலிருந்த கம்பெனிப் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிறாதீக. நம்பிக்கிட்டுத் திரியுறா" என்றார் கருத்தக்கண்ணன்.

அதற்குள் மூட்டையை இறக்கிவிட்டு அவளே வந்துவிட்டாள். ஒரு தோள் இறங்கியிருந்தது; பேசும்போதே அதைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "வாங்க டாக்டரு. பொங்கலும் போயிருச்சு. இவுகளுக்கு வளர இன்னும் எம்புட்டு நாளாகும்?"

இன்னும் கொஞ்ச நாள்மா என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்திருக்கலாம். கருத்தக்கண்ணனும் கண்ணாலேயே அதைத்தான் கெஞ்சினார். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. ஆனால் அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"வளராதும்மா. அவரால இனிமே தூக்க முடியாது. நான் பாதியக் கேட்டுட்டுச் சாப்பிட எந்திரிச்சுப் போயிட்டேன். தெரியாமச் சொல்லிட்டேன்."

அன்னக்கொடி புருஷனை ஒரு தரம் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூட்டை தூக்கக் கூலிக்கு வாரேன்னு லோடுமேன் சங்கிலி அப்பவே கேட்டான். எதுக்கு வெட்டியா ஆளு, பொங்கலுக்கு இவுக எந்திரிச்சிருவாகன்னு நாந்தேன் வேணாம்னுட்டேன்" என்றாள். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தீகன்னா, இந்தத் தோளாச்சும் மிஞ்சியிருக்கும் டாக்டரு."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் போய் அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தாள்.